யார் ஆரம்பித்தது என்று கேட்காதவர்

2018 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். தெருமுனைத் தொட்டியில் தண்ணீர் வந்திருந்தது. ஆறு குடம் பிடித்தேன். 5.40க்குப் பால் வாங்கினேன். 6.10க்குக் கடல் ஓரமாக நடந்துவிட்டு 6.45க்குத் திரும்பினேன். 7.05க்கு அறையின் வெப்பம் 30 டிகிரி. வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். 9.15க்கு மாடிப்படியில் குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

அதுவரை அன்றைய குறிப்பு ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மூன்று இடங்களில் அடித்து எழுதியிருக்கிறேன். காரணம் ஆயாம்மா.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்த வீட்டின் முதல் மாடியில் இரண்டு குடித்தனங்கள். ஒன்றில் நானும் என் மனைவியும். எதிரில் ஆயாம்மா, தனியாக. ஒரே மகளைப் பொன்னேரியில் கட்டிக் கொடுத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையால் மூக்கு துடைக்கப்படாத இளைஞர்கள் எங்கள் தெருவில் குறைவு. போலீஸ் வேலைக்குப் போன ஒருவர், மீசையெல்லாம் வைத்துக்கொண்டு பைக்கில் வருவார்; ஆயாம்மாவைக் கண்டதும் கை தானாக மூக்குக்குப் போகும். ஆயாம்மாவின் பெயர் எனக்குத் தெரியும், மின்கட்டண அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அதனால் இங்கேயும் எழுதவில்லை.

அன்று அவர் நான்கு அட்டைப்பெட்டிகளோடு படியேறி வந்தார். பெட்டிகளின் பக்கங்களில் விரல் நுழையும் ஓட்டைகள். உள்ளே நூற்றைம்பது காடைக் குஞ்சுகள், பொரித்து ஒரு நாள் ஆனவை, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. புழல் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சாரு, உன்னாண்ட காச்சல் பாக்குற மிசினு கீதாமே? உன் சம்சாரம் சொல்லிச்சு."

"அது காய்ச்சல் பாக்குறது இல்லக்கா. ரூம்ல எவ்ளோ சூடுன்னு பாக்குறது."

"அத்தத்தான் நானும் சொல்றேன். ரூமுக்குக் காச்சலு. குடு."

கொடுத்ததோடு நிற்காமல் நானும் மாடிக்குப் போனேன். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் பழைய தகரத்தை வளைத்து வட்டமாக வேலி கட்டியிருந்தார். கீழே உமி, அதன்மேல் கோணி. வெறும் செய்தித்தாள் விரித்தால் குஞ்சுகளின் கால் வழுக்கி அகன்றுபோகுமாம். தண்ணீர்த் தட்டுகளில் கோலிக்குண்டுகள் கிடந்தன, குஞ்சு உள்ளே விழுந்து முழுகிவிடாமல் இருக்க. தீவனத் தட்டுகள் மூன்று, எந்த வரிசையிலும் இல்லாமல், கை போன போக்கில் வைத்த மாதிரி. நடுவில் ஒரு பல்பு தொங்கியது. அதைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித் தாள்.

"சதுரமா கட்டியிருந்தா இடம் மிச்சமாகும்க்கா."

"மூல இருந்தா ஒருத்தன மூலைல தள்ளி வெச்சி அடிப்பானுங்க சாரு. வட்டம்னா ஓடிகினே இருக்கலாம்."

"பல்புக்கு எதுக்கு சிவப்புத் தாள்?"

"வெளிச்சம் தூக்கலா இருந்தா ஒண்ண ஒண்ணு உத்து உத்துப் பாக்கும். பாத்தா கொத்தும். கொத்தி ரத்தம் வந்துச்சின்னா அத்தயும் பாத்துட்டு எல்லாம் சேந்து கொத்தும். செவப்பு வெளிச்சத்துல ரத்தம் தெரியாது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வூட்லயும் ஒண்ணு மாட்டி வுடட்டா?"

முந்தின நாள் எங்கள் வீட்டில் கொஞ்சம் சத்தம் வந்திருந்தது. அதைத்தான் சொன்னார்.

நாங்கள் கீழே இறங்கும்போது வீட்டுக்காரர் படியடியில் நின்றிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். ஆயாம்மா இதற்கு முன் ஒருமுறை காடை வளர்த்திருக்கிறார். அந்தக் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தி முப்பதுக்கு மேல் செத்தன. செத்ததைக் காக்கைகள் தூக்கிப் போய் வீட்டுக்காரர் பூஜைக்கு வளர்த்த செம்பருத்திச் செடியின் மேல் போட்டன. அதை அவர் மறக்கவில்லை.

"ஆயாம்மா, இதான் கடசி தபா. இந்தவாட்டி ஒரு குஞ்சு செத்து என் வாசல்ல வுயுந்துச்சுன்னா, மாடில கீற கொட்டாயப் பிரிச்சிடுவேன். அப்பால வந்து அயக்கூடாது."

"நான் எப்ப அண்ணாத்தே அய்தேன்?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

உண்மைதான், அவர் அழுது நான் பார்த்ததில்லை. வேறொன்றைப் பார்த்திருக்கிறேன். பால்வாடி வேலை முடிந்த புதிதில், ஆயாம்மா காலை ஒன்பது மணிக்குப் புடவை மாற்றி, தலைவாரி, வாசலில் வந்து நிற்பார். பத்து மணிவரை நிற்பார். எங்கும் போகமாட்டார். பிறகு உள்ளே போய்விடுவார். நான் விடுப்பில் வீட்டில் இருந்த நான்கு நாட்களில் நான்கிலும் இதைக் குறித்திருக்கிறேன். காடை வந்தபின் அப்படி நிற்கவில்லை. கொட்டகை போனால் மறுபடி அங்கேதான் வந்து நிற்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு குணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எந்தச் சண்டையிலும் "யார் ஆரம்பித்தது?" என்று அவர் கேட்கமாட்டார். நான் அந்தக் கேள்வி இல்லாமல் வாழத் தெரியாதவன். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை. ஒரு ஸ்பேனர் காணோம் என்றால், கடைசியாக யார் கையில், எந்த ஷிப்டில், எத்தனை மணிக்கு என்று போய்த்தான் பழக்கம். அதனால் எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை.

தெருத்தொட்டியில் ஒருநாள் இரண்டு பெண்களுக்குக் குடச்சண்டை. யார் குடம் முன்னால் இருந்தது என்பதில் தொடங்கி, யார் புருஷன் எங்கே குடித்துவிட்டு விழுந்து கிடந்தார் என்பது வரை போய்விட்டது. எனக்கு வரிசை தெரியும். பச்சைக் குடம் 5.12க்கு வந்தது, ஆரஞ்சுக் குடம் 5.14க்கு. சொல்வதற்காகப் பால்கனியிலிருந்து இறங்கினேன். அதற்குள் ஆயாம்மா கூட்டத்துக்குள் நுழைந்திருந்தார். ஒருத்தி இடுப்பில் இருந்த குழந்தையை எடுத்தார். "இத்த கொஞ்சம் புடி" என்று இன்னொருத்தியின் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். எதிராளியின் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எப்படி அடிப்பது? அவள் வாயை மூடிக்கொண்டாள். குழந்தை அவளுடைய தாலிக்கயிற்றைப் பிடித்துச் சப்பியது. பெற்றவளோ, பிள்ளையைத் திருப்பி வாங்கும்வரை திட்டவும் முடியாமல் நின்றாள். அதற்குள் ஆயாம்மா இரண்டு குடத்தையும் நிரப்பிவிட்டார்.

"அக்கா, யாரு முதல்ல வந்ததுன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

"தெர்ஞ்சா நீயே வெச்சிக்கோ சாரு."

எங்கள் வீட்டுச் சத்தத்துக்கும் இதே வைத்தியம்தான். எனக்கும் என் மனைவிக்கும் வந்த தகராறில், அவள் சொல்லவேயில்லை என்று சாதித்த ஒரு வாக்கியத்தை நான் மார்ச் 12ஆம் தேதிக் குறிப்பிலிருந்து வாசித்துக் காட்டினேன். ஒரு சண்டையில் செய்யக்கூடாத காரியம் இதைவிட வேறு இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆயாம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு முறம் நிறைய மொச்சையை எங்கள் நடுவில் வைத்தார். "தோல் உரிச்சி வைங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். முக்கால் மணி நேரம் உரித்தோம். மூன்றாவது கைப்பிடியில் என் மனைவி, "மார்ச் 12ல அப்டியா எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள்.

எல்லா நேரமும் அது எனக்குப் பிடித்த குணமாக இருந்தது என்று சொல்லமுடியாது. எங்கள் நீல வாளி ஒருநாள் மாடியிலிருந்து காணாமல் போனது. எடுத்தவர் யார் என்று விசாரிக்கக் கிளம்பினேன். ஆயாம்மா தன் வாளியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்து, "இந்தா, வாளி வந்துச்சி. அப்பால இன்னா?" என்றார். வாளியும் நியாயமும் ஒன்றில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த நீல வாளி இன்றுவரை திரும்பவில்லை. எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, குஞ்சுகளுக்கு ஏழாவது நாள். ஒரு குஞ்சின் கால்விரலில் ரத்தம். நான் கொட்டகையில் குத்தவைத்து நாற்பது நிமிடம் பார்த்தேன். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்: வலது கண்ணோரம் கறுப்புப் புள்ளி உள்ளது, நாற்பது நிமிடத்தில் பதினோரு முறை கொத்தியது. ஆயாம்மாவிடம் சொன்னேன்.

அவர் அடிபட்டதை எடுத்தார். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் காலில் தடவினார். அந்தக் கசப்புக்கு யாரும் வாய் வைக்கமாட்டார்களாம். அதைத் தனியாக ஒரு கூடையில் விட்டு, மற்றவை பார்க்கும்படி வேலியோரம் வைத்தார். கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் புது ஆள் என்று மறுபடி அடிப்பார்களாம். பிறகு தகர வேலியை ஒரு முழம் அகட்டினார். தீவனத் தட்டு ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். நான் கண்டுபிடித்த கறுப்புப் புள்ளிக்காரனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அவன்தான்க்கா. அவன எடுத்துத் தனியா போடுங்க."

"அவன எடுத்தா அவன் வேலய இன்னொருத்தன் பாப்பான் சாரு. எடம் பத்தல, அடிச்சிக்கிதுங்க. இதுல அவன் இவன் இன்னா கீது? நீ எய்தறத நிறுத்திட்டு அந்தப் பக்கம் தகரத்தப் புடி."

ஆகஸ்ட் 15, புதன்கிழமை. விடுமுறை. காசிமேட்டில் ஆயாம்மாவின் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. காலை 6 மணிக்கே கிளம்பினார். சாவியை என்னிடம் கொடுக்க அவருக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வேறு ஆள் இல்லை.

"சாரு, நல்லா கேட்டுக்கோ. தண்ணி ஊத்து. தீனி போடு. எதுனா அடிபட்டா எடுத்து கூடைல வுடு. வேற ஒண்ணியும் பண்ணாத."

"சரிக்கா."

"ஒண்ணியும்னா ஒண்ணியும்."

8.30க்குத் தண்ணீர் ஊற்றினேன், தீவனம் போட்டேன். கொத்தல் இருந்தது, ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் எது எது என்று அடையாளம் தெரியவில்லை. 8.50க்குப் பல்பின் சிவப்புத் தாளைக் கழற்றினேன். தீவனத் தட்டுகள் தாறுமாறாகக் கிடந்தது பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றையும் வேலியோரமாக ஒரே நேர்கோட்டில் வைத்தேன். அதன்பின் உட்கார்ந்து கவனித்ததில் அதிகம் கொத்துகிறவை ஏழு என்று தெரிந்தது. நூற்றைம்பதில் ஏழு குஞ்சுகளை மனதில் வைத்துக்கொள்ள முடியாது. கீழே போய் என் மனைவியின் நகப்பூச்சைக் கொண்டுவந்தேன்.

"ஏங்க, அது கல்யாணத்துக்குப் போட வாங்கினது!"

"ஏழு துளிதான்."

9.40க்கு ஏழு குஞ்சுகளின் காலிலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்து முடித்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. இனி எது யார் என்று சந்தேகம் இல்லை.

9.55க்குப் பொட்டு வைத்த ஒன்றை மற்ற நான்கு குஞ்சுகள் சூழ்ந்துகொண்டு காலைக் கொத்தின. என் குறிப்பேட்டில் அந்த நேரத்துக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "குற்றவாளியை மற்றவை தண்டிக்கின்றன. நல்லது." அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

10.30க்குள் ஏழுக்கும் அதே கதி. சிவப்பாக எது தெரிந்தாலும் அவற்றுக்கு ரத்தம்தான். பொட்டைக் கொத்தி, கொத்திய இடத்தில் நிஜ ரத்தம் வந்து, அதைப் பார்த்து இன்னும் பத்து ஓடிவந்தன. எல்லாத் தட்டும் ஒரே வரிசையில் இருந்ததால் தின்ன வந்தவை, அடிக்க வந்தவை, தப்பிக்கப் பார்த்தவை எல்லாம் வேலியோரம் ஒரே நெரிசல். நான் ஒன்றைத் தூக்குவதற்குள் இன்னொன்று விழுந்தது. நகப்பூச்சு துடைத்தால் போகவில்லை. 12.20க்கு ஒன்று செத்தது. 12.45க்கு இன்னொன்று. அடிபட்ட ஒன்பதைக் கூடையில் போட்டேன்.

செத்த இரண்டையும் காகிதத்தில் சுற்றி மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, புதைக்க மண்வெட்டி தேடினேன். முப்பது வினாடிகூட ஆகியிருக்காது. திரும்பினால் ஒரு பொட்டலம்தான் இருந்தது.

கீழே வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு, தெருப் பெரியவர்கள் நாலு பேருக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். காக்கை அதைக் கொண்டுபோய்ச் சரியாக மிட்டாய்த் தட்டின் ஓரத்தில் போட்டது. மேலிருந்து பார்த்தேன். அவர் கத்தவில்லை. தட்டை எடுத்து வைத்தார். வந்தவர்களை வழியனுப்பினார். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, "ஆயாம்மா வரட்டும்," என்றார். மூன்று மணி நேரம் அசையவில்லை.

ஆயாம்மா 4.10க்கு வந்தார். தலையில் பூ, கையில் காதுகுத்து வீட்டுப் பலகாரப் பொட்டலம். வீட்டுக்காரர் எழுந்தார்.

"நான் இன்னா சொன்னேன் ஆயாம்மா? சொன்னனா இல்லியா?"

"சொன்ன அண்ணாத்தே. மேல வா, வந்து சொல்லு," என்று பொட்டலத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நிற்காமல் படியேறினார். விட்டால் போய்விடுவாரோ என்று வீட்டுக்காரரும் பின்னால் ஏறினார். அந்தக் கொட்டகைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் முறை.

ஆயாம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். தாளில்லாத பல்பு. நேர்கோட்டில் தட்டுகள். கூடையில் ஒன்பது. நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"யாரு வேல இது?" வீட்டுக்காரரின் குரல் தகரத்தில் பட்டு அதிர்ந்தது. "காலையில சத்தமே இல்ல. நல்லாத்தானே இருந்துச்சு? யாரு பண்ணது?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். நேரவாரியாகச் சொல்லத் தயாராக இருந்தேன்.

"சாரு, என் வூட்டு அடுப்பாண்ட வேப்பெண்ண கீது, மஞ்சத்தூளும் எட்தா. ஓடு." என்னைப் பார்க்காமலே சொன்னவர், கூடையிலிருந்து அதிகம் அடிபட்ட குஞ்சை எடுத்து வீட்டுக்காரரின் வலது கையில் வைத்தார். "இத்த கொஞ்சம் புடி."

"நான் எதுக்கு... அட, ஆயாம்மா, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு..."

"கைய தொறக்காத அண்ணாத்தே, தொறந்தா பயந்து செத்துடும். ரெண்டு கையாலயும் மூடு. இப்டி. சூடு போவக் கூடாது."

நான் எண்ணெயோடு திரும்பியபோது வீட்டுக்காரர் கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கொடி இன்னும் இருந்தது. மூடிய கைகளுக்குள் எட்டிப் பார்த்தபடி, "மூச்சு வுடுதா இல்லியான்னே தெர்ல," என்று கிசுகிசுத்தார்.

"கட்டவெரல்ல தெர்யும் பாரு. துடிக்கும்."

"ஆமா." கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் ஒட்டிவைத்தார். "ஆமா, துடிக்கிது. இன்னா இம்மாஞ் சின்னதா கீது?"

"பத்து நாளு புள்ள. வேற எப்டி இருக்கும்?"

ஆயாம்மா தாளைப் பல்பில் திரும்பச் சுற்றினார். தட்டுகளைக் கலைத்தார். பொட்டுக்காரக் குஞ்சுகளின் கால் முழுக்க மஞ்சளைப் பூசிச் சிவப்பை மறைத்தார். வீட்டில் இருந்த ஒரு கட்டுச் சிறுகீரையை நூலில் கட்டி, குஞ்சுகள் எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டார்.

"கொத்தணும்னு வந்துட்டா எத்தயாச்சும் கொத்தித்தான் ஆவும். இத்தக் கொத்தட்டும்."

முதலில் ஒரு குஞ்சு கீரையை இழுத்தது. பிறகு மூன்று. சத்தம் குறைந்தது. ஐந்தரைக்கு வீட்டுக்காரர் தன் கையிலிருந்ததைக் கூடையில் இறக்கி வைத்தார். அதற்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தவருக்கு, தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தது.

"கொட்டாயப் பத்தி நாளிக்கிப் பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நாளைக்கு என்ன பேசுவார் என்று தெரியவில்லை. ஆயாம்மா கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பூ வாடியிருந்தது. என்னால் தாங்கமுடியவில்லை.

"அக்கா, இது நான்தான். காலையில 8.50க்கு அந்தத் தாளை..."

"தெர்யும்."

"எப்டித் தெரியும்?"

"உன் கைய பாரு."

என் வலது கையின் மூன்று விரல்களில் நகப்பூச்சு காய்ந்திருந்தது. வீட்டுக்காரர் கேட்டபோதும் அந்தக் கையோடுதான் நின்றிருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லுவ. சுருக்காவா சொல்லுவ? ரெண்டு பக்கத்துக்குச் சொல்லுவ. அதுக்குள்ள இன்னும் ரெண்டு குஞ்சு பூட்டிருக்கும்." சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

பிறகு அவராகவே சொன்னார். அவர் தன் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"பால்வாடில சேந்த புதுசுல நானும் கேட்டுகீறேன் சாரு. ஒரு பொண்ணு கன்னத்துல கடி. பல்லு பதிஞ்சி போச்சி. யார்ரா கடிச்சதுன்னு அதட்டிக் கேட்டேன். அத்தினியும் ஒரே பையனக் கை காட்டுச்சிங்க. அவனா இல்லியான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெர்யாது. அவன் வாயத் தொறக்கல. அன்னிலேந்து எது நடந்தாலும் அவனத்தான் காட்டுச்சிங்க. தள்ளுனாலும் அவன், தண்ணி கொட்டுனாலும் அவன். பத்து நாளு வந்தான். அப்பால வரல. அவங்கம்மா வந்து, பையன் பால்வாடி பக்கமே வரமாட்டேங்கிறான்னுச்சு." கூடைக்குள் கைவிட்டு ஒரு குஞ்சைத் தடவினார். "நான்தானே கேட்டேன். கொயந்தைங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சிங்க."

விரல்களில் இருந்த சிவப்பைக் கோணியின் ஓரத்தில் தேய்த்தேன். அது போகவில்லை.

"போ சாரு. மண்ணெண்ண போட்டுத் தொட, போவும். உன் சம்சாரத்துக்குப் புது டப்பா வாங்கிக் குடு."

அவரைப் பார்த்து இப்போது நான்கு வருடம் ஆகிறது. நாங்கள் மணலிக்குக் குடிபோனோம், அவர் மகளோடு பொன்னேரியில் இருப்பதாகக் கேள்வி. இந்த நாட்குறிப்புகளைத் திரும்பப் புரட்டும்போதெல்லாம் என் பக்கங்களில் "யார்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கிறேன். அவர் இருக்கும் பக்கங்களிலும் அது குறையவில்லை. அவர் பேச்சில்தான் வருவதில்லை, அந்த ஒருமுறை தவிர.

மறுநாள், ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். குடத்தை எடுக்காமல் நேரே மாடிக்குப் போனேன். ராத்திரி எத்தனை செத்ததோ என்ற பயம்தான். ஆயாம்மாவின் கதவு இன்னும் திறக்கவில்லை. கொட்டகை வாசலில் யாரோ குனிந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர். இடுப்பில் துண்டு மட்டும். பக்கத்தில் அவருடைய தோட்டத்து முருங்கைக் கிளை ஒன்று, பனி ஈரத்தோடு. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கட்டப் பார்த்தார். கட்டினால் பிடிக்க முடியவில்லை, பிடித்தால் கட்ட முடியவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாத சார். ஒம்போதும் கீது. எண்ணிட்டேன்."

"கொட்டகைய..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த அப்பால பாப்போம். மொதல்ல இத்தப் புடி."

கிளையை என் இரண்டு கைகளிலும் கொடுத்தார். அவர் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை, குஞ்சுகளின் தலைக்கு மேலே அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.